தம்பிக்காகப் போட்ட ஓட்டு

2006 சட்டசபைத் தேர்தலில் நான் இரண்டு ஓட்டுப் போட்டேன். இரண்டும் நல்ல ஓட்டுதான். ஒன்று என்னுடையது, இன்னொன்று பட்டாளத்தில் இருந்த என் தம்பியுடையது.

எல்லையில் நிற்கும் சிப்பாய் ஓட்டுப் போடுவதற்காக ஊருக்கு வர முடியாது. தபாலில் அனுப்பினால் எண்ணி முடித்த பிறகுதான் வந்து சேரும் என்று தம்பி சிரிப்பான். அப்போது புதிதாக ஒரு வழி வந்திருந்தது. தனக்குப் பதில் ஓட்டுப் போட ஊரில் ஒருவரைச் சிப்பாய் எழுதிக்கொடுக்கலாம். அவருக்குப் பதிலாள் என்று பேர். தம்பி என்னை எழுதிக்கொடுக்கப் போவதாகச் சொன்னான்.

நான் அதிகம் பேசாதவள். மரக்காணம் உப்பளத்தில் இருபது வருஷமாக உப்பு சுமக்கிறேன். பத்தாவது வரை படித்திருந்தும், ரேஷன் கடையில் என் பேரைக் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் கையைத்தான் தூக்குவேன்.

“வேற யாரையாவது போடேன்டா” என்றேன்.

“நீதான்க்கா யார்கிட்டயும் சொல்ல மாட்ட. அதான்.”

பொங்கல் லீவில் வந்தவன், கையெழுத்துப் போட நோட்டரி வக்கீலிடம் போகையில் என்னையும் திண்டிவனத்துக்கு அழைத்துப்போனான். பஸ் பிரம்மதேசம் தாண்டிய பிறகு, ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன்.

“ஏன்டா, லட்சம் பேர் கையில துப்பாக்கி இருக்குது. ஆட்சியில இருக்கிறவன புடிக்கலன்னா, ஒரு நாளாவது அதைத் திருப்பிப் புடிக்கணும்னு தோணாதா?”

“மெதுவா பேசுக்கா, முன்சீட்டுல போலீஸ்காரர் உக்காந்திருக்காரு” என்று சிரித்தான். அப்புறம் சொன்னான். பிரமோஷன் வகுப்பில் ஒரு கதை கேட்டானாம். ரோமாபுரியில் ராஜாவைக் காவல் காக்க வைத்த படையே ராஜாவைக் கொன்று, சிம்மாசனத்தை ஏலம் விட்டதாம்.

“நம்ம குப்பத்துல மீன் ஏலம் விடறாங்களே, அந்த மாதிரியா?”

“அதேதான். காசு அதிகம் சொன்னவன் ராஜா.”

எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. சோழராஜாவிடம் வேளைக்காரப் படை என்று ஒன்று இருந்தது. ராஜாவுக்கு ஒன்று ஆனால் தங்கள் உயிரையும் விடுவதாகச் சத்தியம் செய்தவர்கள். அதைச் சொன்னேன்.

“அது ஒரு ஆளுக்கு விசுவாசம்” என்றான். “அந்த ஆள் போயிட்டா அடுத்தது யாருன்னு சண்டை. எங்களுக்கு அப்படி ஆளே கிடையாதுக்கா. எங்க ஆபீசர் ரெண்டு மூணு வருஷத்துல மாறிடுவாரு. எவ்ளோ பெரிய ஜெனரலா இருந்தாலும், வயசு முடிஞ்ச அன்னிக்குப் பெட்டியத் தூக்கிக்கினு வூட்டுக்குப் போயிடணும். நாங்க தங்கற பாரக்ல கட்சிப் பேச்சே கூடாது. எந்த மந்திரி வந்தாலும் சல்யூட். நான் அவருக்கு ஓட்டுப் போட்டனா இல்லையான்னு சல்யூட்டுல தெரியாது.”

சில படைகளில் உப்பைத் தின்று சத்தியம் செய்யும் வழக்கம் உண்டு என்றும் சொன்னான். “எங்க படையில அது இல்ல. இருந்திருந்தா, நான் தின்ன உப்புக்கு எத்தினி சத்தியம் பண்றது!”

பஸ்ஸில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். ஒரு நாட்டின் துப்பாக்கியெல்லாம் இப்படிப்பட்டவர்கள் கையில் வாய் மூடிக் கிடப்பதால்தான் நாம் நிம்மதியாக வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறோம் என்று தோன்றியது. அவனிடம் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

ஏப்ரல் கடைசியில் அவன் கடிதம் வந்தது. யாருக்குப் போடவேண்டும் என்று ஒரே வரி. மழைக்காலத்தில் வேலையில்லாமல் கிடக்கும் உப்பளத்தார்க்கு உதவி வாங்கித் தருகிறேன் என்று ஒரு வேட்பாளர் எங்கள் பாத்தி வரைக்கும் நடந்து வந்து சொல்லியிருந்தார். என் ஓட்டு அவருக்கு என்று முடிவு செய்திருந்தேன். தம்பி சொன்னது அவருக்கு எதிராக நின்றவரை.

எங்கள் உப்பள முதலாளி ஆதரித்த வேட்பாளர் மூன்றாவதாக ஒருவர். எனக்கு இரண்டு ஓட்டு இருப்பது எப்படியோ முதலாளிக்குத் தெரிந்துவிட்டது.

“ஏம்மா, ஒனக்கு ரெண்டு ஓட்டாமே? ரெண்டும் நம்ம சின்னத்துக்குத்தான். இன்னா?” என்றார், சிரித்தபடி. அடுத்த வருஷம் யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்பதையும் அவர் அதே சிரிப்போடுதான் சொல்வார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

தேர்தலன்று காலையில் என் ஓட்டைப் போட்டேன். சுட்டுவிரலில் மை வைத்தார்கள். மறுபடி வரிசையில் நின்று உள்ளே போனதும், என் இரண்டாவது ஓட்டு விஷயம் தெரியாமல் முதலாளி கட்சியின் பூத் ஏஜென்ட் எழுந்துவிட்டார்.

“சார், கள்ள ஓட்டு! விரல்ல மை இருக்குது பாருங்க. இப்பத்தான் போட்டுட்டுப் போச்சு!”

வரிசை முழுக்க என்னையே பார்த்தது. பின்னாலிருந்த ஒருத்தி, “அய்யே, இந்த ஊமையா?” என்றாள். வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒரு கால் திரும்பியும்விட்டது. போனால் தம்பியின் ஓட்டு அவ்வளவுதான். பனியில் நிற்கிறவனுக்கு நாங்கள் தருவது அந்த ஒரு ஓட்டு மட்டும்தானே.

“தம்பி ஓட்டுங்க” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். “பட்டாளத்துல இருக்கான். நான் பதிலாளுங்க. லிஸ்டுல பாருங்க.”

அதிகாரி தனியாக இருந்த ஒரு தாளை எடுத்து விரல் வைத்துத் தேடினார். தம்பி பேருக்கு நேராக என் பேர் இருந்தது. “சரியா இருக்குப்பா, உக்காரு” என்று ஏஜென்டிடம் சொல்லிவிட்டு, இந்தமுறை என் நடுவிரலில் மை வைக்கச் சொன்னார். பதிலாளுக்கு அந்த விரலாம்.

அட்டை மறைப்புக்குள் நான் தனியாக நின்றேன். மெஷினில் எனக்குப் பிடித்த சின்னம் இருந்தது. முதலாளி சின்னம் இருந்தது. எதை அழுத்தினாலும் தம்பிக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது. உண்மையைச் சொன்னால், மழைக்கால உதவியை நினைத்து என் கை அந்தப் பக்கம்தான் போனது. ஆனால் தனக்குப் பிடிக்காத மந்திரி வந்தாலும் விறைப்பாக நின்று சல்யூட் அடிக்கிறவன் அவன். கையில் துப்பாக்கி வைத்துக்கொண்டு அவன் செய்வதை, வெறும் விரலால் நான் செய்யக்கூடாதா? அவன் சொன்ன சின்னத்தை அழுத்தினேன். பீப் சத்தம் முடியும்வரை விரலை எடுக்கவில்லை.

மறுநாள் உப்பு வாரும்போது முதலாளி வந்து என் இரண்டு விரலையும் பார்த்தார்.

“ரெண்டும் நம்மளுதுதானே?”

“ஒண்ணு தம்பியுதுங்க. அத நான் சொல்லக் கூடாதுங்க.”

“சரி, ஒன்னுது?”

“அதையும் சொல்லக் கூடாதுங்க.”

வரப்பில் நின்ற பெண்கள் கூடையால் முகத்தை மறைத்துச் சிரித்தார்கள். அன்று மத்தியானமே மேஸ்திரி என்னைக் கடைசிப் பாத்திக்கு மாற்றினார். அங்கிருந்து உப்பைக் குவிக்கும் அம்பாரத்துக்குக் கூடையோடு மூன்று பங்கு தூரம் நடக்கவேண்டும். சீசன் முடியும்வரை அங்கேதான் இருந்தேன். கழுத்து வலித்தது. ஆனாலும் ஒரு நாள்கூட, மாற்றிச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்ததில்லை.

முடிவு வந்த வாரம் தம்பி மளிகைக் கடை போனுக்குக் கூப்பிட்டான். அவன் சொன்ன ஆள் தோற்றிருந்தார். மழையைப் பற்றிக் கேட்டான், என் உடம்பைப் பற்றிக் கேட்டான். ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கே பொறுக்கவில்லை.

“ஏன்டா, யாருக்குப் போட்டன்னு கேக்க மாட்டியா?”

“எதுக்கு?” என்றான். “ஒன் பேரை எழுதிக் குடுத்தப்பவே அந்தக் கேள்வி முடிஞ்சிபோச்சேக்கா.”