செங்கல் சுமந்த கேமரா பை

புதிதாகப் படமெடுக்கக் கற்ற நான், கொட்டாம்பட்டியில் தோழியின் கல்யாணத்துக்குக் கேமராவோடு கிளம்பினேன். அழகுக்காக வாங்கிய ரெக்சின் பையில் அதை வைத்திருந்தேன். பஸ் திரும்பியபோது பையின் வார் தையல் விட்டு அறுந்தது. திறந்திருந்த வாசலை நோக்கிப் பை உருண்டது. படியோரம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா காலை நீட்டித் தடுத்தார்.

"ஏத்தா, இம்புட்டுக் கனத்தை இந்த நூலை நம்பியா தொங்கவிட்ட?"

கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்யாணத்தை முழுசாகப் படமெடுத்துவிட்டேன்.

மறுவாரம் மதுரையில் பைக் கடைக்கு ஒரு செங்கல்லோடு போனேன். ஒவ்வொரு பையிலும் அதை வைத்து, வாரைத் தோளில் மாட்டிக் குதித்தேன்.

"பையைப் பிச்சுராதீகம்மா!" என்று பதறினார் கடைக்காரர்.

"பிய்யாத பைதாண்ணே வேணும்."

உள்ளே மெத்தை வைத்துத் தைத்த கான்வாஸ் பை ஒன்று தாங்கியது. இப்போது எந்தப் பையானாலும் வாரின் தையலைப் பார்த்த பிறகுதான் நிறத்தைப் பார்க்கிறேன்.