வெம்பக்கோட்டைத் தண்ணீரில் கரைந்த அறவியல்

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். இரண்டு தடவை முயன்றும் அந்த வகுப்பு என்னைத் தாண்டவிடவில்லை. இப்போது சிவகாசியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். ஆனாலும் தத்துவத்தின் கிளைகள் எவை என்று யாராவது கேட்டால் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சொல்வேன்: மெய்ப்பொருளியல், அறிவாராய்ச்சியியல், அளவையியல், அறவியல், அழகியல். ஐந்தையும் நான் படித்ததில்லை. தண்ணீரில் முக்கி அழித்தேன். அதனால்தான் மறக்கவில்லை.

நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பாவின் தங்கை, என் அத்தை, தபால் வழியில் தத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். முதல் தாளிலேயே இரண்டு தடவை தோற்றிருந்தாள். இந்தத் தடவையும் தோற்றால் படிப்பை மூட்டை கட்டிவிட்டுச் சாத்தூர் மாப்பிள்ளைக்குத் தலையாட்ட வேண்டும் என்பது அப்பாவின் தீர்ப்பு.

அப்பாவுக்குக் காலண்டர் அச்சகத்தில் வேலை. நிறம் விலகி வீணான தாள்கள் வீட்டுக்கு வரும். அருவிப் படம், பூப் படம், குழந்தைப் படம் எல்லாம் வெடிக்குக் குழல் சுருட்டப் போய்விடும். சாமி படம் மட்டும் போகாது. பிள்ளையாருக்குத் திரி வைத்துக் கொளுத்த யாருக்கு மனசு வரும்? அவற்றைச் சேர்த்துவைத்து வருசத்துக்கு ஒருமுறை வெம்பக்கோட்டை அணைத் தண்ணீரில் விடுவது எங்கள் தெரு வழக்கம்.

அத்தை கெட்டிக்காரி. சாமி படத்தில் யாரும் கைவைக்க மாட்டார்கள் என்று அதன் வெள்ளைப் பின்பக்கத்தில்தான் குறிப்பெல்லாம் எழுதினாள். இரண்டு தும்பிக்கை விழுந்த பிள்ளையாரின் முதுகில் அளவையியல். நீல முகத்து மாரியம்மன் முதுகில் அறவியல். எழுதி முடித்ததும் என்னைப் பிடித்து உட்காரவைத்து ஒப்பிப்பாள்.

"ஏலே, கேளு. எது நெசமாவே இருக்குன்னு கேட்டா மெய்ப்பொருளியல். இருக்குன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்னு கேட்டா அறிவாராய்ச்சியியல். தெரிஞ்ச பெறகு என்ன செய்யணும்னு கேட்டா அறவியல்."

"பசிக்குதுன்னு கேட்டா?"

"அத ஒங்காத்தாட்டக் கேளு."

பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது சாமித் தாள்களை ஏற்ற வண்டி வந்தது. கட்டு கொண்டுவரும் பிள்ளைகள் வண்டியில் ஏறி அணைவரை போகலாம். அத்தை எழுத எடுத்தது போக, எங்கள் வீட்டில் அந்த வருசம் மிஞ்சியது நாலே தாள். டிரைவர் அதை வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"இது கட்டா, கல்யாணப் பத்திரிகையா? எறங்குலே."

வீட்டுக்கு ஓடினேன். அத்தையின் கட்டிலுக்கடியில் நூல் சுற்றி, சாமி முகம் மேலே தெரிய, கொழுத்த கட்டு ஒன்று இருந்தது. திருப்பிப் பார்த்திருக்கலாம். பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால் பார்க்கவில்லை.

அணையில் எல்லோரும் ஆளுக்கொரு கட்டை அவிழ்த்துத் தண்ணீரில் அமுக்கினோம். நான் அமுக்கிய தாள்களிலிருந்து மட்டும் நீலமாக மை கிளம்பியது. கடைசியாக மாரியம்மன் புரண்டு படுத்தாள். அவள் முதுகில் 'அறவியல்' என்ற எழுத்து வால் வாலாக நீண்டு கரைந்தது. அள்ளிப் பிடித்தேன். கைக்குக் கூழ்தான் வந்தது. மண்ணைப் போட்டுத் தேய்த்தும் உள்ளங்கை நீலம் போகவில்லை.

வீட்டில் அத்தை கட்டிலுக்கடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் கேட்பதற்கு முன்பே நான் பதில் சொன்னேன்.

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும் அத்தை."

"நூலோட, கட்டோடயா?"

"பெரிய எலி."

அவள் என் கையைப் பிடித்து விரித்தாள்.

"ஒண்ண அறியறதுக்கு மூணு வழி சொன்னேனே, என்னலே அது?"

"காண்டல், கருதல், உரை."

"நான் கண்ணால காணல. இந்தக் கைய வச்சுக் கருதியாச்சு. மிச்சம் ஒன் வாய்ச்சொல்லுதான். அதையும் சொல்லிரு."

சொல்வதற்குப் பதில் அழுதேன். அத்தை கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அம்புட்டுமா போச்சு?" என்றாள். மாரியம்மனைப் பிடிக்கப் பார்த்தேன் என்று சொன்னேன். என்னளவில் அது பெரிய சேவை.

அப்போது அப்பா உள்ளே வந்தார். அவருக்குப் பிரம்பெல்லாம் தேவையில்லை, கையே போதும்.

"ஏன் அழுகுறான்? ஒன் தாளெல்லாம் எங்க?"

அத்தை என் உள்ளங்கையைத் தன் கைக்குள் வைத்து மூடினாள்.

"எல்லாம் மனசுல ஏறிருச்சுண்ணே. நாந்தான் தண்ணியில விட்டுட்டு வாடான்னு குடுத்துவிட்டேன். பெரட்டி என் எழுத்தப் பாத்துப் பயந்துட்டு அழுகுறான்."

"நாலு நாள்ல பரிச்சைய வச்சுக்கிட்டா? திமிரப் பாரு. தேறாமப் போனா சாத்தூர்க்காரகள வரச் சொல்லிருவேன், அப்புறம் பேச்சே கெடையாது."

"சொல்லிக்கோங்கண்ணே."

அந்த நாலு நாளும் அத்தை சுவரைப் பார்த்து ஒப்பித்தாள். தடுமாறுகிற இடத்தில் என்னைப் பார்ப்பாள். அர்த்தம் தெரியாமலே அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பேன். ஆனால் என் கவலை வேறு. பொய் சொல்வது சரியில்லை என்று மாரியம்மன் முதுகில் எழுதியவளே, சொந்த அண்ணன் முகத்தைப் பார்த்துக் கண் இமைக்காமல் பொய் சொல்லிவிட்டாளே! மற்ற நாலு கிளையையும் எப்படியாவது எழுதிவிடுவாள், அறவியலில் மட்டும் நிச்சயம் முட்டைதான் என்று முடிவுகட்டி, அவளுக்காக மனசார வருத்தப்பட்டேன்.

அத்தை நல்ல மார்க்கில் தேறினாள். வீட்டில் எல்லோரும் மிட்டாய் தின்றார்கள். நானும் தின்றேன். ஆனால் தாள் திருத்தியவருக்கு எங்கள் அத்தையைப் பற்றிச் சரியாகத் தெரியாது போல என்று நினைத்துக்கொண்டேதான் தின்றேன்.