தண்டச்சோற்றுப் பெட்டி

இப்போது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஆர்க் கொளுத்திப் பார்க்கிறார்களாம். பார்க்கட்டும். நான் சங்கரன்கோவில் கூடாரக் கொட்டகையில், சினிமா நோட்டீசின் முதுகில், பென்சிலால் கொளுத்தினேன். காகிதம் கருகவில்லை. ஒருவர் முகம்தான் கருகியது.

படம் காட்டும் மெஷினுக்குள் இரண்டு கரிக்குச்சிகள் முனைக்கு முனை பார்த்து நிற்கும். கரண்டு விட்டு, தொட வைத்து, மெல்லப் பிரித்தால் நடுவில் கண்ணைப் பறிக்கும் வெள்ளை நெருப்பு நிற்கும். அதுதான் ஆர்க். அந்த வெளிச்சத்தில்தான் திரையில் ராஜா நடப்பார், ராணி அழுவாள். குச்சிகள் எரிந்து குறையக் குறைய இடைவெளி கூடும். கைப்பிடியைத் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆபரேட்டர் வேலை அது. என் வேலை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மிச்சமெல்லாம் அட்டை போன ஒரு மின்சாரப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தது.

ஆர்க்குக்கென்றே இருந்த டைனமோ நூறு வோல்ட் கொடுக்கும். ஆர்க்குக்கு ஐம்பது போதும். மீதி ஐம்பதைத் தின்பதற்கு நடுவில் ஓர் இரும்புப் பெட்டி, உள்ளே கம்பிச் சுருள். அது சுடும், அவ்வளவுதான். வெளிச்சம் தராது, சத்தம் தராது. மேனேஜர் அண்ணாச்சி அதற்குத் 'தண்டச்சோறு' என்று பெயர் வைத்திருந்தார். இந்த வேலைக்கு வரும் முன்னால் எங்கள் வீட்டில் என் பெயரும் அதுதான். அதனால் அந்தப் பெட்டியிடம் எனக்குக் கொஞ்சம் சொந்தபந்தம் உண்டு.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அண்ணாச்சி பெட்டியில் கை வைத்தார். சுருளில் பாதிக்கு மேல் கழற்றச் சொன்னார். டைனமோவைச் சுற்றும் எஞ்சினின் ஓட்டத்தைக் குறைத்து, எழுபது வோல்ட்டுக்கு இறக்கச் சொன்னார்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்லே. பாதிக் கரண்டை இந்தத் தண்டச்சோறு தின்னுது" என்றார்.

மீட்டரைப் பார்த்தேன். ஆர்க்குக்கு ஐம்பது வோல்ட், முப்பது ஆம்பியர். முன்பு இருந்த அதே நம்பர். அவர் சொல்வதுதான் சரியோ என்று எனக்கே பட்டது.

அன்று சாயங்கால ஆட்டத்தில் ஆர்க் மூன்று தடவை அணைந்தது. அடுத்த ரீலைச் சரிபார்க்க இந்தப் பக்கம் திரும்புவேன், அந்தப் பக்கம் இருட்டு. "ஏ ஆப்பரேட்டரு, தூங்குதியா? ராணியை எங்கன கொண்டு போயிட்டே?" என்று தரை டிக்கெட்டிலிருந்து குரல். விசில். மறுநாளும் அப்படியே. அண்ணாச்சி கொட்டகை வாசலில் எல்லார் முன்னாலும் வைத்துச் சொன்னார்.

"உனக்குக் கை சரியில்லைலே. தபசுக்கு மதுரையில இருந்து சர்டிபிகேட் உள்ள ஆளு வாரான். நீ வாசல்ல நின்னு டிக்கெட் கிழி."

"பெட்டியில கை வச்ச பொறவுதான அண்ணாச்சி அணையுது?"

"மீட்டர் அதே நம்பர்தான காட்டுது? அஞ்சாங் கிளாஸு, எனக்குக் கணக்குச் சொல்ல வாரியா?"

கொட்டகை எஞ்சினை ஓட்டும் டிரைவர் இளையரசனேந்தல்காரர். மாடும் பருத்தியும் பார்த்து வளர்ந்த மனுஷர். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "மூக்கணாங்கயிறு அறுந்த மாடும் சமதரையில ஒழுங்காத்தான் போகும் வே. மிரண்டாத்தான தெரியும், கயிறு இருக்கா இல்லையான்னு."

அந்தச் சொல் என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. மீட்டர் காட்டியது சமதரை. மாடு மிரளும்போது என்ன நடக்கிறது என்று யார் பார்த்தார்கள்? சரி, டிக்கெட் கிழிக்கப் போகிறவன் நானில்லை என்று முடிவு கட்டினேன். ஆர்க்கை எழுதிப் பார்த்துவிடுவது.

மிஞ்சிக் கிடந்த ரோஸ் நிற நோட்டீஸ்களைத் திருப்பிப் போட்டேன். கால் நிமிஷத்துக்கு ஒரு வரி. கரி இவ்வளவு எரியும், இடைவெளி இவ்வளவு கூடும், ஆர்க் எத்தனை வோல்ட் கேட்கும், பெட்டிக்கு எவ்வளவு மிஞ்சும், அப்போது கரண்டு எவ்வளவு. அந்த விடையை வைத்து அடுத்த வரி.

முதல் தடவை என் காகித ஆர்க் அணையவே இல்லை. பத்து நோட்டீஸ் தாண்டியும் எரிந்துகொண்டே இருந்தது. அணையா விளக்கு! ஆர்க்கையும் ஒரு கம்பி மாதிரி நினைத்துக் கணக்குப் போட்டிருந்தேன்; கரண்டு குறைந்தால் அது கேட்கும் வோல்ட்டும் குறையும் என்று.

பகலில், கூடாரம் காலியாக இருக்கையில், நிஜ ஆர்க்கைக் கொளுத்தி அளந்தேன். விளக்குப் பெட்டியின் சின்னத் துவாரம் வழியாக ஆர்க்கின் பிம்பம் எதிரே இருந்த வெள்ளை அட்டையில் விழும். அட்டையில் கோடு கிழித்து இடைவெளியைப் படித்தேன். டிரைவர் மீட்டரைப் படித்துச் சொன்னார். அப்போதுதான் குணம் தெரிந்தது. கரண்டு குறையக் குறைய ஆர்க் கூடுதலாக வோல்ட் கேட்கிறது. நொடித்த வீட்டில்தான் செலவு கூடும் என்பார்களே, அதே கதை.

மறுபடி எழுதினேன். நூறு வோல்ட்டும் முழுப் பெட்டியும் இருந்தால், இடைவெளி கூடும்போது பெட்டி தன் பங்கைக் குறைத்துக்கொண்டு ஆர்க்குக்கு விட்டுக்கொடுக்கிறது. கைப்பிடியைத் தொடாவிட்டாலும் ஐந்து நிமிஷம் தாண்டும். எழுபது வோல்ட்டில் விட்டுக்கொடுக்கப் பெட்டியிடம் இருப்பதே இருபதுதான். எட்டாவது வரியில், அதாவது இரண்டு நிமிஷம் முடியும்போது, ஆர்க் கேட்பதை டைனமோவால் கொடுக்க முடியவில்லை. பென்சில் முனையில் ஆர்க் அணைந்தது. அணைந்ததைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆபரேட்டர் நான் ஒருவன்தான்.

அண்ணாச்சியைக் கேபினுக்குக் கூப்பிட்டேன். "கை சரியில்லைன்னியளே, நான் கையைக் கட்டிக்கிடுதேன். நீங்க கடிகாரத்தைப் பாருங்க. ரெண்டு நிமிஷத்துல அணையும். சுருளைப் பழையபடி மாட்டினா அஞ்சு நிமிஷம் நிக்கும்."

இரண்டு நிமிஷத்துக்குப் பத்து விநாடி இருக்கும்போதே அணைந்தது.

"நீ என்னமோ பண்ணிட்டே."

"அப்பம் நான் வெளிய நிக்குதேன். நீங்களே கொளுத்துங்க."

அவரே கொளுத்தினார். அவருக்கும் அணைந்தது. டிரைவர் சுருளைப் பழையபடி மாட்டினார், எஞ்சினை முடுக்கினார். மீட்டரில் ஐம்பது, முப்பது. அதே நம்பர்! அண்ணாச்சி கடிகாரத்தைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்த்தார். மூன்று நிமிஷம். நான்கு. ஐந்து தாண்டியும் நெருப்பு நின்றது. கணக்கு எழுதிய நோட்டீஸ்களை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மதுரைக்காரனுக்கு வர வேண்டாம்னு கார்டு போட்டுருதேன்" என்றார். கை சரியில்லை என்று சொன்னதை மட்டும் திருப்பி எடுக்கவில்லை.

தபசன்று குருவிகுளம் பக்கத்திலிருந்து வந்த வண்டிகள் கொட்டகையைச் சுற்றி அவிழ்த்துக் கிடந்தன. மூன்று ஆட்டம், ஒரு விசில் கிடையாது. ராணி அழுது முடிக்கும்வரை வெளிச்சம் நின்றது. கடைசி ரீல் ஓடும்போது அண்ணாச்சி கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். அவர் கண் இரும்புப் பெட்டியில் விழுந்தது. சாக்பீஸால் பெரிதாக எழுதி வைத்திருந்தேன்: 'தண்டச்சோறு. தொட்டால் இருட்டு.'

"அழிலே அதை."

"நீங்க வச்ச பேருதான அண்ணாச்சி. இருக்கட்டும்."

வெளியே ஜனம் நிரம்பிக் கிடந்தது. அவர் எழுத்தைப் பார்த்தார், எரியும் ஆர்க்கைப் பார்த்தார், போய்விட்டார். நான் அந்தக் கொட்டகையில் இருந்தவரை எழுத்து மங்கும்போதெல்லாம் மேலே ஒரு தடவை எழுதினேன்.