மூன்றாம் ஓலை

எங்கள் சபையில் திருமண ஓலையை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை அறிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்பது விதி. யாரும் சொன்னதில்லை. விதி என்று ஒன்றிருந்தால் அதைப் பயன்படுத்தவும் ஆள் வேண்டுமல்லவா? 1950களின் கடைசியில், கொச்சி மட்டாஞ்சேரியின் அந்தச் சிறிய தமிழ்ச் சபையில், என் ஓலைக்கு நானே எழுந்தேன்.

வயது இருபத்துமூன்று. வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. மாப்பிள்ளை ஆலப்புழையில் கயிறு வியாபாரி. நான் வேலையை விட வேண்டும் என்பது அவர் நிபந்தனை. அப்பா ஒப்புக்கொண்டார். என்னை யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் ஓலை வாசித்த அன்று போதகரின் பிரசங்கம், விசுவாசி கிறிஸ்துவின் மணவாட்டி என்பது. பிரசங்கம் முடிவதற்குள் என் தடை மனு மனதில் தயார். மறுநாள் அலுவலகத்தில் கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்தேன்.

மூன்றாம் ஞாயிறு எழுந்து சொன்னேன். "தடை இருக்கு ஐயா. எனக்கு ஏற்கெனவே நிச்சயமாயிருக்கு."

ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா, "எந்தாடி இது? உக்காருடி!" என்றார்.

என் பின்னாலிருந்த சேச்சிக்கு ஆர்வம் தாங்கவில்லை. "ஆளு யாருன்னு கேளுங்க ஐயா!"

"போன வாரம் ஐயா சொன்ன மணவாளன்தான்."

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "அது உவமைம்மா."

"போன வாரம் உவமைன்னு சொல்லலையே ஐயா."

ஆராதனை முடிந்ததும் போதகர் அப்பாவையும் என்னையும் பின்னறைக்கு அழைத்தார். நான் கொடுத்த மனுவை நிதானமாக வாசித்தார்.

"சரி, வேலைக்குப் போகாதேன்னு அந்த மணவாளனும் சொன்னா?"

"இதுவரை சொல்லலை. சொன்னா எழுத்துல வாங்கிக்கறேன்."

"இவளைப் படிக்க வச்சது என் தப்பு" என்றார் அப்பா.

திடப்படுத்தல் பதிவேட்டை எடுக்கச் சொன்னேன். பதினாறு வயதில் அந்தச் சடங்கில் சபை முன்னால் நிறுத்தி, கிறிஸ்துவுக்கு உன்னைக் கொடுக்கச் சம்மதமா என்று என்னையே கேட்டார்கள். சம்மதம் என்று என் வாயால் சொல்லி, என் கையால் கையெழுத்திட்டேன். விளையாட்டாகச் சொல்லவில்லை, அன்றும் இன்றும். என்னைக் கேட்டு எடுத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

போதகர் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு கல்யாண விண்ணப்பத்தைப் புரட்டினார். அதில் அப்பாவின் கையெழுத்து மட்டும் இருந்தது.

"இவ கையெழுத்து இல்லாம நான் ஓலையே வாசிச்சிருக்கக் கூடாது" என்று அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னார்.

விண்ணப்பத்தில் கையெழுத்திடப் பேனாவை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

மறுநாள் வழக்கமான படகில் வேலைக்குப் போனேன். மனுவின் மூன்றாம் பிரதியை ஆலப்புழைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மாப்பிள்ளை கையெழுத்திட்ட ஒப்புகைச் சீட்டு இன்னும் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது.