எமனின் இடது கை

பேரப்பிள்ளை பிறந்த பிறகும் தலையில் எருமைக் கொம்பை மாட்டிக்கொண்டு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை நோபல் பார்க் மண்டபமொன்றில் எமனாக இறங்கி, ஊர்ப்பிள்ளைகள் கூவக் கூவ அடிவாங்குகிற மடையன் நான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கொம்பைக்கூட நானேதான் ஒட்டினேன்.

ரெஸ்லிங் என்கிற இந்த வேடமல்யுத்தத்தில் யார் வெல்வது என்பது முதலே முடிவாகிவிடும். அதை முடிவு செய்கிறவரை நாங்கள் புக்கர் என்போம். யார் நல்லவன், யார் கெட்டவன், எந்த வேடம் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பதெல்லாம் அவர் கையில். எங்கள் புக்கர், நாங்கள் குடிவந்த இந்த நாட்டிலேயே வளர்ந்த, முப்பது தாண்டிய பெண். முழங்கால் போகும்வரை தானும் ரிங்கில் நின்றவள். ஆக, எமனின் ஆயுளை எழுதுகிறவள் அவள்தான். என் மனைவிக்கு இந்த ஏற்பாட்டில் மிகுந்த திருப்தி.

ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரே முடிவுதான். எதிராளி என்னைத் தலைகீழாகத் தூக்கித் தோள்மூட்டில் விழப் போடுவான். சனம் எழுந்து நின்று கத்தும். விழுவதில் எனக்கு நிகர் நானே. எழும்புவதில்தான் கொஞ்சக் காலமாகச் சிக்கல்.

இந்த முறை எதிராளி, நகரின் மறுகோடியான வெரிபீயிலிருந்து வருகிற தமிழ்நாட்டுக்காரன். கிழமை நாட்களில் கம்ப்யூட்டர் வேலை. டண்டினோங்கில் ஒரு பழைய தொழிற்சாலைக் கொட்டகையில் ஒத்திகை பார்த்தோம். தூக்கினான், போட்டான். பிறகு கழுத்தை நெரிப்பதுபோல் மேலே கவிழ்ந்தான். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய விழுகைக்குப் பிறகு எதிராளி யாருக்கும் தெரியாமல் உங்கள் கையை அமுக்குவான். திருப்பி அமுக்கினால், சுகமாக இருக்கிறேன் என்று அர்த்தம். அமுக்காவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும்.

இவன் ஏன் இன்னும் அமுக்கவில்லை என்று யோசித்தபடி நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவன் சட்டென்று எழுந்துவிட்டான். முகம் வெளிறியிருந்தது.

"சார், என்னாச்சு? நான் உங்க இடது கையை அமுக்கிக்கிட்டே இருக்கேன், நீங்க திருப்பி அமுக்கவே இல்ல!"

"எமன்ர கையைப் பிடிக்க உனக்கு அவ்வளவு அவசரமோ?"

"விளையாடாதீங்க சார்."

"புக்கரிட்ட மட்டும் சொல்லிப்போடாத, தம்பி."

அவன் என் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டான்.

அதற்குப் பிறகு குசினியில் என் கையிலிருந்து கோப்பைகள் விழத் தொடங்கின. "இப்ப ஆருக்கப்பா செத்துக் காட்டுறியள்?" என்று மனைவி அறையிலிருந்து குரல் கொடுப்பாள். ஒத்திகை என்பேன். ஒருநாள் முட்டை பொரித்துக்கொண்டு நின்றபோது ஏதோ கருகும் மணம் வந்தது. முட்டையைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. சட்டியில் ஒட்டிக் கிடந்தது என் இடது கைச் சுண்டுவிரல். பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு, வெங்காயம் வெட்டியபோது பட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அன்று எனக்கே பகிடி ஒன்றும் வரவில்லை.

அந்தக் கிழமையே புக்கர் என்னை ஒரு கோப்பிக் கடைக்குக் கூப்பிட்டாள்.

"அங்கிள், கதையை மாத்திட்டன். நீங்கள் வந்து சிம்மாசனத்தில இருக்கிறியள். பாசக்கயிறை அந்த வெரிபீப் பெடியன்ர கையில குடுக்கிறியள். போறியள். அவ்வளவுதான்."

"சண்டை?"

"இல்லை."

ரிங்கை விட்டே போகிறவன் இளையவனிடம் தோற்று, மல்லாக்க விழுந்துவிட்டுத்தான் போக வேண்டும். அதுதான் எங்கள் தொழிலில் மரியாதை. கதிரையில் இருந்து கயிறு கொடுத்துவிட்டுப் போவதற்கு நான் என்ன பரிசளிப்பு விழாவின் பிரதம விருந்தினரா?

"ஒரே ஒரு விழுகை தா, பிள்ளை. விழுந்திட்டுப் போறன்."

"விழுந்து எழும்பாட்டி?"

"எழும்பாட்டி என்ன? எமன்தானே. போற இடம் தெரிஞ்ச இடம்."

என் பகிடிக்கு எப்போதும் முதலில் சிரிக்கிறவள் அவள். அன்று கோப்பியைக் கலக்கிக்கொண்டேயிருந்தாள்.

"அவன் சொல்லிப்போட்டான், என்ன?"

"சொல்லாமல்? அவனல்லோ உங்களைத் தூக்கிப் போடோணும். எனக்குச் சொல்லேக்கயே அவனுக்குக் குரல் நடுங்கினது அங்கிள்."

"அண்டைக்கு வேர்வை. வழுக்கிப் போச்சு. இப்ப நீயே பிடிச்சுப் பார். நான் திருப்பி அமுக்கினால் சனிக்கிழமை விழுவன். இல்லாட்டிக் கொம்பைக் கழட்டித் தாறன்."

இடது கையை மேசையில் நீட்டினேன்.

"கண்ணை மூடுங்கோ," என்றாள்.

மூடினேன். கோப்பி மெஷின் சீறியது. பக்கத்து மேசையில் ஒரு குழந்தை கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தது. காத்திருந்தேன். எவ்வளவு நேரம் இழுத்தால் சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்பது நல்ல புக்கருக்குத் தெரியும். இவள் என்னிடமே அந்த வித்தையைக் காட்டுகிறாள் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

"என்ன பிள்ளை, எப்ப அமுக்கப் போறாய்?" என்று கேட்டேன்.

"அமுக்கி, விட்டிட்டன் அங்கிள்."