அவிழ்த்த கட்டு

நான் வேலை செய்கிற லண்டன் சூப்பர்மார்க்கெட் வாசலில் போன சனிக்கிழமை ஒரு வாழைப்பழம் நின்றது. தலை முதல் முழங்கால் வரை மஞ்சள் உடுப்புப் போட்ட நரைமீசைக்காரர்தான். கையில் உண்டியல் வாளி. அடிபட்டவர்களை ஆஸ்பத்திரி சேரும்வரை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்று ஆராயப் பணம் சேர்க்கிறார்களாம். நல்ல காரியத்துக்கு இந்தச் சனம் கோமாளி வேடம் போடவும் கூச்சப்படுவதில்லை. ஆறு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் எனக்குப் புதினமாகத்தான் இருக்கிறது.

பக்கத்து மேசையில் ரப்பரில் செய்த தொடை ஒன்று. அதன் கிழிசலிலிருந்து சிவப்புத் தண்ணீர் கொப்பளித்தது. பின்னால் நின்ற எமிலி என்ற மாணவி ஒரு தாளை நீட்டினாள். இரத்தம் ஓடும் காயத்தைத் துணியால் அழுத்திப் பிடிக்க உங்களைத் தடுப்பது எது? கீழே பெட்டிகள்: இரத்தம் கண்டால் பயம், செய்முறை தெரியாது, கூச்சம். கூச்சமாம்! எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை எங்கள் படுவான்கரை. அது புலி இயக்கத்தின் பக்கம். ஆஸ்பத்திரி இருந்த எழுவான்கரை அரசாங்க ஆமியின் பக்கம். வாவியைக் கடந்தால் சோதனைச் சாவடி. ஒருநாள் காலை வயல் வட்டைக்குள் எருமைக்கடா ஒன்று என் தம்பி மோகனின் தொடையைக் குத்திக் கிழித்தது. அவனுக்குப் பத்தொன்பது வயது. என் சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். இரத்தம் நின்றது. நின்றது என்பதை நீங்கள் மறக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போக ஏறிய தோணி பாதி வாவி தாண்டியதும் தோணிக்கார மாமா திரும்பிப் பார்த்தார்.

"கட்டக் கழட்டு புள்ள. பச்சக் காயமெண்டா மாடு குத்தினதெண்டு நம்புவானுகள். கட்டிருந்தா இயக்கம் மருந்து கட்டின பொடியனெண்டு புடிச்சிருவானுகள்."

படுவான்கரையில் எல்லாருக்கும் தெரிந்த முதலுதவி அதுதான். கட்டோடு போன இளந்தாரிகள் திரும்பி வராததைப் பார்த்துப் பார்த்துப் படித்தது.

"அக்கா, கழட்டாதகா. குளிருது," என்றான் மோகன்.

"கொஞ்ச நேரந்தான்டா," என்று சொல்லி நான்தான் அவிழ்த்தேன்.

"கொட்டியா?" என்று கேட்டான் சாவடிச் சிப்பாய். சிங்களத்தில் புலியா என்று அர்த்தம். மாடு, மாடு என்று கையால் கொம்பு காட்டினேன். சிரித்தான். அடையாள அட்டையோடு உள்ளே போனவன் வர அரை மணித்தியாலம். காயத்தில் கையை வைத்து அழுத்தினேன். இன்னொருவன் துவக்கை நீட்டி எழும்பச் சொன்னான். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, தம்பியின் இரத்தம் மணலில் ஓடுவதைப் பார்த்து நின்றேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் கண்களை மூடிவிட்டு என்னை ஏசினார்: "ஒரு துணியால அமத்திக்கூடப் புடிக்காம என்னத்தப் புள்ள செஞ்ச?" துணி என் இடுப்பில் செருகியிருந்தது.

எமிலியின் தாளில் 'வேறு' என்ற பெட்டிக்குள் 'ஆமி' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அவள் முகம் மலர்ந்தது. "பக்கத்தில் ஆமி இருந்தார்களா? அப்படியென்றால் அவர்களுடைய மருத்துவர் பார்த்திருப்பாரே!"

அந்தப் பிள்ளையில் பிழையில்லை. அவளுடைய ஊரில் சீருடை கண்டால் உதவி வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. இங்கே ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் பெரிய மனிதர் வாழைப்பழமாக நிற்கிறார். அங்கே என் தம்பியின் அரை மணித்தியாலத்தை வெயிலில் நிறுத்திவைத்தே பறித்தார்கள். யார் கேட்டார்கள்? இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தும் ஊரில் சண்டை இன்னும் முடியவில்லை. இதை நான் எழுதும்போதும் எவளோ ஒருத்தி தோணிக்குள் முடிச்சை அவிழ்ப்பாள். கழட்டாதே தங்கச்சி என்று எழுதவும் எனக்குத் துணிவில்லை. கட்டோடு போனாலும் அவள் கொண்டுபோகிறவனை விடமாட்டார்களே.

"செய்து பாருங்களேன்," என்று எமிலி துணியைத் தந்தாள். இரண்டு கையாலும் அழுத்தினேன். சிவப்புத் தண்ணீர் நின்றது.

"அருமை! கையை எடுக்கலாம், அவரைக் காப்பாற்றிவிட்டீர்கள்."

நான் எடுக்கவில்லை. துணியில் ஊறிய தண்ணீர் ஏறி, கடைச் சீருடையின் கை முழங்கைவரை சிவந்து நனைந்தது. வாழைப்பழக்காரர் வந்து மெதுவாக என் தோளைத் தொட்டார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றேன் தமிழில். "தோணி இன்னும் கரைக்குப் போகல்ல."