மிஸ்டு காலுக்கு ஒரு காப்புரிமை

எங்கள் கண்டுபிடிப்பு கண்டுபிடிப்பே அல்ல என்று சென்னைக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து அறிக்கை வந்த நாளில், நான் ராஜபாளையத்தில் நூற்பாலையின் டைம் ஆபீஸில், ஆட்களின் வருகையும் ஷிப்டும் எழுதும் என் மேசையில் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நூல் சுற்றும் கதிர்களெல்லாம் சுழன்றுகொண்டிருந்தன. இந்தப் பக்கம் நான் ஒருத்தி நின்றுபோனேன்.

அறிக்கையின் சாரம்: மில் பஸ்ஸுக்கு ஆள் சேர்க்கும் ஏற்பாட்டை எழுதியிருக்கிறீர்கள்; இது தொழில் நடத்தும் முறை; காப்புரிமைச் சட்டம் அதைக் கண்டுபிடிப்பாக ஏற்காது. கெடுவுக்குள் பதில் தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகும்.

மதினிக்குப் போன் போட்டேன். என் அண்ணன் மனைவி. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிறவர். கண்டுபிடித்தது அவர். விண்ணப்பத்தை எழுதியது நான்.

"ஏட்டி, பஸ்ஸுன்னா போட்டிருக்கு?"

"பஸ்ஸுன்னுதான் போட்டிருக்கு மதினி."

"நான் பஸ்ஸையா கண்டுபிடிச்சேன்?"

விண்ணப்பத்துக்குள் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்தது நான்தான்.

எங்கள் மில்லுக்கு மம்சாபுரத்திலிருந்தும் கான்சாபுரத்திலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். அங்கே மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்; டவர்தான் எட்டாது. பலர் கையில் பட்டன் போன். ஷிப்ட் மாறினாலோ பஸ் வராவிட்டாலோ எஸ்எம்எஸ் அனுப்புவேன். போன் கிடைக்கவில்லை என்றால் அது நெட்வொர்க்கில் காத்திருக்கும். செத்த நேரம் கழித்து மறுபடி போய்த் தட்டும். பொறவு இன்னும் நேரம் கழித்துத் தட்டும். கதவு திறந்திருக்கும் ஐந்து நிமிஷத்தில் மட்டும் தட்டாது. ஒரு மழைநாளின் மத்தியானம் 'இன்று ஷிப்ட் இல்லை' என்று நான் அனுப்பிய செய்தி, அவர்கள் கண்மாய்க்கரையில் நனைந்து, நின்று, என்னைத் திட்டி, வீடு திரும்பிய பிறகு போய்ச் சேர்ந்தது. மறுநாள் அவர்கள் பார்த்த பார்வையில் நான் நனைந்தேன்.

அந்தப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கண்மாய்க்கரையில் ஏறியதும் சிக்னல் எட்டிப்பார்க்கும். உடனே பஸ் டிரைவருக்கு மிஸ்டு கால் விடுவார்கள். ஒரு மணி அடித்தால் 'வாரேன்'. இரண்டு மணி அடித்தால் 'வரலை, எனக்காக நிக்காதீங்க'. யாரும் எடுப்பதில்லை. எடுத்தால்தான் சண்டை.

மதினி கான்சாபுரத்தில் பிறந்தவர், அந்த மணிகளோடு வளர்ந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவிக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"ஏட்டி, மணி அடிக்குன்னா, கூப்பிடுதவ போன் முழிச்சிருக்குன்னுதான அர்த்தம்? பொறவு ஏன் நாம தூங்குத போனைப் போய்த் தட்டணும்? அது முழிச்சு நம்மளத் தட்டட்டும்."

அவ்வளவுதான். அன்றைக்கு மீன் கருகியது. சிம் போட்ட ஒரு சின்னப் பெட்டி உருவானது. செய்தியை நெட்வொர்க்கில் தள்ளிவிடாமல் பெட்டி தன்னிடமே வைத்துக்கொள்ளும். மிஸ்டு கால் டிரைவருக்குப் போகாமல் பெட்டிக்கு வரும். பெட்டி எடுக்காது, மணியை எண்ணும், எண்ணி முடித்த கையோடு அந்தப் போனுக்கு உரிய செய்தியை விடும். அதே நிறுத்தத்தில் ஏறுகிற மற்றவர்களுக்கும் அப்போதே விடும். ஒருத்தி கரையேறினால் மற்றவர்கள் பின்னாலேயே வந்துகொண்டிருப்பார்கள் என்று அதற்கு மதினி சொல்லிக்கொடுத்திருந்தார்.

விண்ணப்பம் போடும்வரை பெட்டியை மில்லுக்குள் விடவில்லை அவர். ஊருக்கே தெரிந்துவிட்டால் புதியது என்று சொல்லமுடியாதாம். எங்கள் வீட்டுப் போன்களைக் கரைக்கு எடுத்துப்போய்ச் சோதித்தார். வந்து பக்கம் பக்கமாக ஓர் அட்டவணை போட்டார். பெட்டி இல்லாதபோது டவர் எத்தனை முறை வீணாகக் கூப்பிட்டது, பெட்டி வந்த பிறகு எத்தனை முறை என்று.

"எழுத்து உனக்குத்தான வரும், நீயே எழுது" என்று என்னிடம் கொடுத்தார். அங்கேதான் தப்பு நடந்தது. சிறுபத்திரிகைகளில் உரைநடைக் கவிதை எழுதுகிற கை எனக்கு. ஆங்கிலத்திலும் அது சும்மா இருக்காது. கண்மாய் வந்தது. மழை வந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கும் பெண்கள் வந்தார்கள். டிரைவர், ஷிப்ட், ஹாரன் எல்லாரும் வந்து, எதற்கு உரிமை வேண்டும் என்று சொல்லவேண்டிய கோரிக்கைப் பத்திகளிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அட்டவணை மட்டும் கண்ணை உறுத்தியது. எடுத்துவிடலாம் என்றேன்.

"ஒன் மழையைக் கொறச்சுக்கோ. என் கட்டத்துல கை வைக்காத" என்றார் மதினி. சமாதானமாகி, அதைக் கடைசி இணைப்பாகத் தள்ளிவைத்தேன், கல்யாண வீட்டில் பிடிக்காத சொந்தத்தைக் கடைசிப் பந்தியில் உட்காரவைப்பது மாதிரி.

ஆட்சேபம் வந்த பிறகு அண்ணனைக் கையில் பிடிக்கமுடியவில்லை. "மிஸ்டு காலுக்குக் காப்புரிமையா! ஏட்டி, அடுத்து தும்மலுக்குப் போடுங்க. ரெண்டு தும்மல்னா நில்லுன்னு அர்த்தம்."

மதினி சிரிக்கவில்லை. சமையலறையில் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "இத்தன வருசமா பிள்ளைகளுக்கு அடுத்தவன் கண்டுபிடிச்சதையே நடத்துதேன். என்னோடது ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு. அது பஸ் ஏற்பாடுன்னு சொல்லுதாங்களே, அதத்தான் தாங்கமுடியலை."

அன்றிலிருந்து இருவரும் கோரிக்கைகளைத் திருத்தினோம். டிரைவரை இறக்கினோம். பெண்களை ஒவ்வொருத்தராக இறக்கினோம். மழையை நானே இறக்கினேன்; வலித்தது. கடைசியில் பஸ்ஸையும் அனுப்பிவிட்டோம். பதில் போனது. நேரில் விளக்குங்கள், வீடியோவில் வாருங்கள் என்று விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு மாடியறை, காலை பதினொரு மணி. மதினி பட்டுச்சேலை கட்டியிருந்தார். நான் காகிதக் கட்டோடு பக்கத்தில். அண்ணன் மாடிப்படியில், டீ டம்ளரோடு, கேலியை எங்கேயோ வைத்துவிட்டு. திரையில் அதிகாரி, மெல்லிய குரல், குரல் மெலிதாக இருக்க இருக்க எனக்குப் பயம் கூடியது.

"மிஸ்டு கால் விடுவது எல்லோரும் செய்வதுதானே அம்மா. இதில் புதிது என்ன?"

"அதைக் கேட்டுப் புரிந்துகொள்வது இதுவரை மனுசன் சார். இங்கே கருவி புரிந்துகொள்கிறது. செய்தி எந்த நொடியில் கிளம்பவேண்டும் என்று அதுவே முடிவுசெய்கிறது" என்றார் மதினி.

"போன் சிக்னலுக்குள் திரும்பி வந்ததும் நெட்வொர்க்கே தகவல் சொல்லும் முறை, வெளிநாட்டு ஆவணத்தில் ஏற்கெனவே இருக்கிறதே?"

"போன் போனதாக நெட்வொர்க்குக்குத் தெரிந்தால் அது சரி சார். எங்கள் ஊரில் போன் ஒரேயடியாகப் போவதில்லை, சிக்னல் மங்குகிறது. போனதே தெரியாதவர்களுக்கு வந்தது எப்படித் தெரியும்?"

அவர் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"பஸ்ஸை எடுத்துவிட்டீர்கள், மில்லை எடுத்துவிட்டீர்கள். தொழில்நுட்பமாக என்ன மிச்சம்?"

"டவர் மிச்சம் சார்" என்றார் மதினி. "ஆளில்லாத இடத்தைப் பார்த்து அது கூப்பிட்டுக்கொண்டே இருப்பது நின்றுபோகிறது. அந்த அலைநேரம் மற்ற போன்களுக்குக் கிடைக்கிறது."

"இது நீங்கள் முதலில் கொடுத்த விண்ணப்பத்தில் இருக்கிறதா? இல்லாததை இப்போது சேர்க்கமுடியாது."

மதினி என்னைப் பார்த்தார். என் மழைப் பக்கங்கள் ஒவ்வொன்றாகக் கையில் புரண்டன. எதிலும் டவர் இல்லை. கண்மாய் இருந்தது, ஈர முந்தானை இருந்தது. கடைசித் தாள். கட்டங்கள். நான் வெறுத்த கட்டங்கள்.

"கடைசி இணைப்பு சார்" என்றேன். என் குரலா அது? வரி வரியாக வாசித்தேன். இத்தனை வருஷத்தில் எந்த மேடையிலும் எந்தக் கவிதையையும் அப்படி நான் வாசித்ததில்லை. வீணாகக் கூப்பிட்டது; கூப்பிடாமல் நின்றது; நின்றும் செய்தி போய்ச் சேர்ந்தது.

அவர் தன் பிரதியைப் புரட்டிப் பார்த்தார். நேரமெடுத்துப் பார்த்தார்.

"இதை ஏன் கடைசியில் வைத்தீர்கள்? இதுதானே கண்டுபிடிப்பு?"

மேசைக்குக் கீழே மதினி என் தொடையைக் கிள்ளினார். கன்றிப்போகும் அளவுக்கு. கேமராவில் அவர் முகம் மட்டும் சாந்தமாகப் புன்னகைத்தது.

எழுத்துமூலமாக வாதத்தை அனுப்பினோம். காத்திருந்தோம். காத்திருப்பது எனக்கு ஆகாது. ஒரு நாளைக்கு எத்தனை முறை இணையதளத்தைத் திறந்தேன் என்று சொன்னால் மில்லில் சம்பளத்தைப் பிடிப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் திறந்தேன். 'காப்புரிமை வழங்கப்பட்டது.' கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் மதினியின் பெயர், தனியாக, நேராக, யாருடைய துணையும் இல்லாமல்.

போன் போட்டேன். எட்டவில்லை. அறுவடைக்குக் கான்சாபுரம் போயிருந்தார். வயலில் இருப்பார், மலை மறைத்திருக்கும். அண்ணனிடம் சொல்லலாம், சொல்ல மனமில்லை, முதலில் அவருக்குத்தான். விண்ணப்பம் போட்ட பிறகு மில்லுக்கு வந்த எங்கள் பெட்டி, டைம் ஆபீஸ் மூலையில் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. அதில் செய்தியை ஏற்றினேன்: 'மதினி, கிடைச்சிருச்சு.' பெட்டி வாங்கிக்கொண்டது. தட்டவில்லை. அம்புட்டு அவசரத்திலும் அது அமைதியாகப் பிடித்துவைத்துக்கொண்டது. அதன் பொறுமையில் இம்புட்டு எனக்கு வாய்த்திருந்தாலும் போதும்.

மதினியும் ஊருக்குப் போனால் எல்லாரையும் போலத்தான். கரை ஏறினால் பெட்டிக்கு ஒரு மணி.

சாயங்காலம் நாலரைக்கு அடித்தது. ஒரு மணி. 'வாரேன்.' விளக்கு துடித்தது, செய்தி போனது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் கதிர்கள் சுழன்றன. இந்தப் பக்கமும் ஏதோ சுழன்றது.

பெட்டி மறுபடி அடித்தது. மதினியின் எண்தான். ஒன்று என்றால் 'வாரேன்', இரண்டு என்றால் 'நிக்காதீங்க'. இது மூன்றைத் தாண்டியது, ஐந்தைத் தாண்டியது, தானாக நிற்கும்வரை அடித்தது, நின்றதும் திரும்ப ஆரம்பித்தது. வாசலில் ஷிப்டுக்கு வந்த பெண்கள் எட்டிப்பார்த்தார்கள். "யாருக்கா அது, இப்படி அடிக்கது?"

பெட்டி எண்ணிக்கொண்டே இருந்தது. அத்தனை மணிக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் விண்ணப்பத்தில் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.